பயடமழர

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா என்ற சொற்களுக்கு அடுத்தபடியாக வாயில் வந்த சொல் 'பயடமழர'. எந்த அகராதியைப் புரட்டினாலும் அதற்குப் பொருள் கிடைக்காது. அது அப்பாவின் கண்ணாடிக் கடையில், கண் சோதிக்கும் அறையில் தொங்கிய சார்ட்டின் கடைசி வரி. ப ய ட ம ழ ர. கடுகு கடுகான எழுத்துகள். சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறிப் படிப்பார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருக்கும் அக்காவும் நானும் அவர்களுக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவோம். "யாரு அங்கே எடுத்துக் குடுக்கிறது?" என்று உள்ளேயிருந்து அப்பா சத்தம் போடுவார்.

இதனால் ஒரு கூத்து நடந்தது. எனக்குக் கண் மங்கியது வெகுகாலம் யாருக்கும் தெரியாமலே போயிற்று. அப்பா நாற்காலியில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார். நான் மேலிருந்து கீழ்வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். "கழுகுக் கண்ணு!" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். பள்ளியிலோ கரும்பலகை எனக்கு வெறும் கறுப்பு. பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதினேன். காப்பியடிக்கிறாள் என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அம்மா வந்தாள், கேட்டாள், என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாள். "எதிர்க்கடைப் பலகையில என்ன எழுதியிருக்கு, படி" என்றாள். அங்கே ஒரு பலகை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் மகளுக்கே கண் தெரியவில்லை என்று தெரு சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'பயடமழர பாடுறது' என்று ஒரு வழக்கு உண்டாயிற்று. பார்க்காமல், யோசிக்காமல், பழக்கத்தில் வாய் சொல்வதற்கு அதுதான் பெயர். வீட்டுப்பாடம் முடித்தாயா என்றால் "ஆச்சு ஆச்சு" என்பது பயடமழர. அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்று சித்தப்பா சொல்வது பயடமழர. "அந்தச் சார்ட்டை மாத்திடலாமே" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "நல்ல சார்ட்டு. எதுக்கு மாத்தணும்?" என்றார் அப்பா. அவர் அப்படித்தான். நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் ஆணி அடித்த இடத்தில் இருக்கிற எதையும் அசைக்க மாட்டார்.

கீழே கடை, மேலே வீடு. கடையின் முன்பகுதியில் கண்ணாடி அலமாரிகள், பிரேம்கள், முகம் பார்க்கும் கண்ணாடி, அம்மா. பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்கப்பால் சோதனை அறை. அங்கே இருந்த நாற்காலி, மூடிப்போன ஒரு சலூனிலிருந்து அப்பா வாங்கிவந்தது. பின்னால் சாய்க்கலாம், காலால் மிதித்தால் உயரும். கண் சோதிக்க வந்த பெரியவர் ஒருவர் பழக்கதோஷத்தில் "பின்னாடி கொஞ்சம் குறைச்சு வெட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். அறை நீளம் போதாது என்பதால் சார்ட்டு நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே தொங்கும். எதிர்ச் சுவரில் நிலைக்கண்ணாடி. அதில் பார்த்துத்தான் படிக்க வேண்டும். கண்ணாடியில் நேராகத் தெரிவதற்காகச் சார்ட்டில் எழுத்துகள் திரும்பி அச்சாகியிருக்கும். நான் முதலில் எழுதிப் பழகிய 'ட' அந்தப் பக்கம் பார்த்து நின்றதற்கு அதுதான் காரணம்.

ஒரு கண்ணை மறைக்கக் கறுப்பாக, குழியான ஒரு கருவி வைத்திருப்பார்கள் அல்லவா, அதை நாங்கள் கரண்டி என்போம். பார்ப்பதற்குக் கரண்டியேதான். "வீட்டுக் கரண்டி அவ கையில, கடைக் கரண்டி என் கையில" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு அந்தக் கடைக் கரண்டியின் மேல் ஒரு கண் இருந்தது.

அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கடைக்குள் வந்து நின்றவள், பிறகு நகரவே இல்லை. முகத்தைப் பார்த்ததும் பிரேம் எடுத்துக் கொடுப்பாள். "உங்களுக்குச் சதுரம் வேணாம்மா, ஏற்கெனவே முகத்துல கோபம் இருக்கு" என்பாள். அவர்களும் கோபிக்காமல் வாங்கிப் போவார்கள். லென்ஸை ஓரம் தேய்த்துப் பிரேமில் பொருத்துவது, தொலைந்த திருகாணிக்கு மாற்றுத் தேடுவது, யாராவது மேலே உட்கார்ந்து நசுக்கிவிட்ட கண்ணாடிகளை நிமிர்த்துவது எல்லாம் அவள் வேலை. சோதிப்பது மட்டும் அப்பா. அதற்குப் படிப்பு வேண்டும், சான்றிதழ் வேண்டும்.

சோதனை நடக்கும்போது அம்மா திரைச்சீலை ஓரமாக நிற்பாள். எதற்கு நிற்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"சரியான லென்ஸ் விழுற நேரம் இருக்கே, அப்ப அவங்க முகம் ஒரு மாதிரி மாறும். உங்கப்பா சொல்லியிருக்காரு. நான் பின்னாடி ஓரமா நிக்கிறதால கண்ணாடியிலயும் முகம் விழாது, எனக்குத் தலைதான் தெரியும். ஒரு தடவையாவது எதிர்ல நின்னு பார்க்கணும்" என்றாள்.

இப்போதெல்லாம் என் அலுவலகத்தில் வருஷக் கடைசியில் ஒரு கூட்டம் போடுகிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் ஆளின் படத்தைத் திரையில் காட்டி, "உங்கள் தொலைநோக்கு என்ன? அடுத்த ஆண்டுக்கான இலக்கு என்ன?" என்று கேட்பார். போன வருஷம் சொன்னதையே கொஞ்சம் மெருகேற்றி எல்லாரும் சொல்வோம். கைதட்டுவோம். பிஸ்கட் கொடுப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். மனம் அந்த சலூன் நாற்காலிக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் வருஷத்தின் முதல் நாள் காலை எல்லாரும் சோதனை அறையில் கூடுவோம். சித்தப்பா ஆரம்பித்துவைத்த வேடிக்கை அது. இந்த வருஷம் உடம்பைக் குறைக்கப்போகிறேன் என்று அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, அப்பா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கண்ணைக் கரண்டியால் மூடினார்.

"அடுத்த வருஷம் இதே நாள். என்ன தெரியுது, சொல்லு."

"ஒல்லியா நான் தெரியுறேன், அண்ணே."

"தெளிவா இருக்கா, மங்கலா இருக்கா?"

"குனிஞ்சா என் காலே தெரியல. அடுத்த வருஷமா தெரியப்போகுது?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அது வருஷா வருஷம் நடக்கும் சடங்காகிவிட்டது. ஒரு கண்ணை மூடினால் ஆசையைச் சொல்ல வேண்டும். மறு கண்ணை மூடினால் அதற்குச் செய்யப்போகும் வேலையைச் சொல்ல வேண்டும். மங்கலாக இருந்தால் அப்பா "லென்ஸை மாத்து" என்பார், ஆசையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வேண்டும். நான் வகுப்பில் முதலாவதாக வருவேன் என்று ஆரம்பித்து, லென்ஸ் மாற்றி மாற்றி, கணக்கில் தேறினால் போதும் என்ற இடத்தில் வந்து நிற்பேன். "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்பார் அப்பா. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட் வாசனை, புதுச்சட்டை வாசனை, எங்கள் சிரிப்பு எல்லாம் அந்தச் சின்ன அறையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கடைசியில் அம்மா உட்காருவாள்.

"என்ன தெரியுது?"

"அந்தக் கரண்டி என் கையில தெரியுது. நான் எதிர்ல நிக்கிறேன்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"சாயந்திர வகுப்புல சேரணும். படிச்சுப் பரீட்சை எழுதணும்."

"தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

"அப்ப மாத்த வேணாம். அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். லென்ஸும் மாறாது, அந்த வருஷமும் மாறாது. அப்பா தடுத்தார் என்று சொல்ல மாட்டேன். ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சேரேன், யார் வேண்டாமென்றது என்றுதான் சொல்வார். ஆனால் வகுப்பு தொடங்கும் சமயத்தில் எனக்கு அம்மை போடும், அல்லது கூரை ஒழுகும், அல்லது அக்காவுக்குப் பரீட்சை வரும். அக்கா கல்யாணம் வந்தது. பிறகு அக்காவின் பிரசவம் வந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று அம்மாவே சொல்லிவிடுவாள். முதல் நாள் காலை மறுபடியும் அதே நாற்காலி, அதே கரண்டி, அதே வார்த்தைகள்.

அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்த வருஷம் அது. அம்மா உட்கார்ந்தாள். அப்பா என்ன தெரிகிறது என்று கேட்கும் முன்பே, "கரண்டி என் கையில, நான் எதிர்ல, சாயந்திர வகுப்பு, பரீட்சை, தெளிவா இருக்கு" என்று கடகடவென்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"அம்மா, பயடமழர பாடுறே!" என்றாள் அக்கா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தப்பா நாற்காலியின் கைப்பிடியில் அடித்து அடித்துச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். நிலைக்கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாடி. பார்த்துப் படிக்கவே இல்ல. இத்தனை வருஷமா ஒப்பிச்சிருக்கேன்" என்றாள்.

வகுப்புக்குப் பெயர் பதிகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. மாலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோதுதான் எங்களுக்கே தெரியும். "ராத்திரிச் சாப்பாடு?" என்றார் அப்பா. "வீட்டுக் கரண்டி இனிமே உங்க கையில" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் என் வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் அம்மாவை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். பிறகு ஆன்ட்டி என்றார்கள், பிறகு அக்கா என்றார்கள், கடைசியில் பரீட்சைக்கு முன்னால் அவள் நோட்டுக்காக அடித்துக்கொண்டார்கள். ஒளி வளைவது பற்றிய கணக்குகள் அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தன. பிரேம்களுக்கு நடுவே புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு முணுமுணுப்பாள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம், "எனக்குப் போட்டியா எதிர்ல கடை போடப்போறா" என்று பெருமையடித்துக்கொள்வார். ஆமாம், பெருமைதான். அது எனக்கு அப்போதே புரிந்தது.

பழகுவதற்கு அவளுக்குக் கண்கள் தேவைப்பட்டன. என் கண், சித்தப்பாவின் கண், பால் கொண்டுவருபவரின் கண் என்று கிடைத்த கண்ணையெல்லாம் பிடித்துச் சோதித்தாள். அப்பா மட்டும் சிக்க மாட்டார். "என் கண்ணுக்கு என்ன கேடு?" என்று நழுவிவிடுவார். அந்தச் சமயத்தில் அவர் மேசை விளிம்பில் டீ டம்ளரை வைத்து அது கீழே விழுந்தது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார். திருகாணி வேலை வந்தால் அம்மா பக்கம் தள்ளினார். வயசாகிறது, நிதானம் இல்லை என்று நினைத்தோம்.

கடையில் அவர் சோதித்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு பிசகும் இல்லாமல். எப்படி என்று பிறகுதான் விளங்கியது. சோதிப்பவர் சார்ட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. உட்கார்ந்திருப்பவர் படிப்பார், இவர் காதால் கேட்பார். தப்பாகப் படித்தால் காதே சொல்லிவிடும். லென்ஸ் பெட்டியில் எந்த நம்பர் எந்தக் குழியில் என்பது கைக்குத் தெரியும்.

அம்மாவின் கடைசிப் பரீட்சைக்கு முன்னால் வந்த வருஷத்தின் முதல் நாள். அக்கா, அவள் கணவர், நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை, சித்தப்பா, நான் எல்லாரும் அறையில் நெருக்கியடித்து நின்றோம். சித்தப்பா தொப்பையைப் பற்றிச் சொன்னார். நான் வேலை தேடுவதைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் முறை வந்தது. அவள் உட்காரவில்லை. அப்பாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவை நீங்க உட்காருங்க."

ஓ என்று கூச்சல் போட்டுக் கைதட்டினோம். அப்பாவுக்கு முகமெல்லாம் வெட்கம். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அம்மா எதிரில் போய் நின்றாள். அப்பாவின் கண்ணாடியைச் சரிசெய்தாள். கரண்டியால் இடது கண்ணை மூடினாள்.

"கடைசி வரி படிங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பாட்டுப் போட்டியில் பாடுகிறவர் மாதிரி நீட்டி முழக்கினார். "ப, ய, ட, ம, ழ, ர!"

நான் சிரிக்க வாயெடுத்து நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் தெரிந்தது பழைய சார்ட்டு இல்லை. கடைசி வரியில் க, ன, ல, ச, வ, த என்று இருந்தது. பரீட்சைக்குப் பழகுவதற்காக முந்தின நாள் அம்மா புதுச் சார்ட்டை மாட்டியிருக்கிறாள். அப்பா அதைக் கடந்துதான் உள்ளே வந்தார், அதற்கு எதிரேதான் அவ்வளவு நேரம் நின்றார்.

அக்கா குழந்தையின் வாயைப் பொத்தினாள். அம்மாவின் குரல் மட்டும் மாறவே இல்லை.

"அதுக்கு மேல் வரி?"

அப்பா பழைய சார்ட்டின் மேல் வரியைச் சொன்னார்.

"அதுக்கு மேல?"

அதையும் சொன்னார். அம்மா ஒவ்வொரு வரியாக மேலே ஏறினாள். ஒவ்வொன்றையும் அவர் சந்தோஷமாக, தவறாக, ஒப்பித்துக்கொண்டே வந்தார். எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. கடைசியாக உச்சியில் இருக்கும் ஒற்றை எழுத்து, உள்ளங்கை அகலம்.

"மேல் எழுத்து?"

"அ..." என்று ஆரம்பித்தவர் நின்றார். நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அந்த ஒன்று மட்டும் அவருக்கு நிழல் மாதிரி தெரிந்திருக்கிறது. அது 'அ' இல்லை, 'ஒ'.

"சார்ட்டை மாத்திட்டியா?" என்று கேட்டார், மிக மெதுவாக.

"நேத்தே மாத்திட்டேன்."

சித்தப்பா எங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் திரைச்சீலை என்ன கதவா, சாத்திக்கொள்ள? எல்லாம் கேட்டது.

"ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"சொன்னா நீ வகுப்பை விட்டுட்டு என்னைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைவே. உன் படிப்புக் கெட்டுடுமேன்னுதான்..."

"சும்மா பயடமழர பாடாதீங்க."

நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"பயமா இருந்துச்சு" என்றார் அப்பா. "கண்ணாடிக்காரனுக்கே கண்ணு தெரியலைன்னா எவன் கடைக்கு வருவான்? தினமும் காலையில உட்கார்ந்து படிச்சுப் பார்ப்பேன். கடைசி வரி வரைக்கும் வரும். நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சுக்குவேன்."

அம்மா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். வலது கண்ணில் வெறும் புரை, எடுத்துவிடலாம் என்றார்கள். இடது கண்ணில் நரம்பு, போனது போனதுதான். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். அம்மாவின் செய்முறைப் பரீட்சையும் அதே நாளில் வந்து நின்றது. எனக்கு அம்மை போட்டதும் கூரை ஒழுகியதும் இதன் முன்னால் தூசு.

"பரீட்சை எங்கே போகுது, அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றாள் அம்மா.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். "அடுத்த வருஷம்னு இன்னொரு தடவை சொன்னே, நான் ஆபரேஷனே பண்ணிக்க மாட்டேன். ஒரு கண்ணு போனது போகட்டும், இன்னொண்ணும் போகட்டும்."

"என்னங்க பேச்சு இது, விளங்காத பேச்சு?"

"நீ எதிர்ல நிக்கணும்னு சொல்லும்போதெல்லாம் நான் அடுத்தது யாருன்னு கேட்டேன். இந்தத் தடவை அடுத்தது நீதான். போய் எழுது."

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்லம்மா" என்றாள் அக்கா. அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பிக்கையான பார்வை என்று சொல்ல முடியாது. ஆனால் போனாள்.

அன்று பிற்பகல் அப்பா கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தார். அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் ஒரு கறுப்புக் கரண்டி. பரீட்சைக் கூடத்துக் கரண்டியைப் பதற்றத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், ஒருவரும் கேட்கவில்லை.

"என்ன, பாஸா?" என்றார் அப்பா.

"தெரியாது. கரண்டி மட்டும் கைக்கு வந்துடுச்சு" என்றாள்.

அப்பா கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று நர்ஸ் ஓடிவந்து திட்டினார். மறுநாள் நான்தான் அந்தக் கரண்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

தேறினாள். அதற்குப் பிறகு கடையில் அவர்கள் இடம் மாறிக்கொண்டார்கள். அம்மா திரைக்குப் பின்னால், அப்பா பிரேம்களுக்கு நடுவில். பிரேம் தேர்ந்தெடுப்பதில் அப்பா மகா மோசம். யார் வந்தாலும் வட்டமாக ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார். தெருவில் பாதிப் பேர் ஆந்தை மாதிரி திரிந்தார்கள். ஆனால் பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதனால் கூட்டம் குறையவில்லை. உள்ளே அம்மா லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு கட்டத்தில் கையை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "அந்த முகம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "தூங்கி முழிச்ச குழந்தை மாதிரி" என்றாள்.

முதல் நாள் சடங்கும் தொடர்ந்தது. ஒரே ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு அம்மா சார்ட்டை மாற்றிவிடுவாள். "ஒரே சார்ட்டை வெச்சிருந்தா இந்த வீட்டுல எல்லாரும் பாட ஆரம்பிச்சுடுவீங்க" என்பாள். கேள்வியையும் திருப்பித் திருப்பிக் கேட்பாள். போன வருஷம் சொன்னதைச் சொன்னால் கரண்டியாலேயே தலையில் தட்டுவாள். சித்தப்பா ஒரு வருஷம் உண்மையாகவே தொப்பையைக் குறைத்தார். அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அப்பாவின் மிச்சமிருந்த கண்ணும் பிற்காலத்தில் மெல்ல மெல்லப் போயிற்று. இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை. "இன்னைக்கு உன் நெற்றி வரைக்கும் தெரியுது" என்பார். இன்னொரு நாள் "புடவை நிறம் மட்டும்" என்பார். எதுவும் செய்வதற்கில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். சோதித்தவளே அவள்தானே.

அவர் எங்களோடு இருந்த கடைசி வருஷத்தின் முதல் நாள். வழக்கம்போலக் கூடினோம். அக்காவின் பையன் என்னைவிட உயரமாகியிருந்தான், அவன்தான் அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தான். அம்மா எதிரில் போய் நின்றாள். கரண்டியால் ஒரு கண்ணை மூடினாள். எதை மூடினாலும் அவருக்கு ஒன்றுதான்.

"கடைசி வரி படிங்க."

"என்ன விளையாட்டு இது? வருஷா வருஷம் நீ மாத்திடுவே. எனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா படிங்க."

அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "ப... ய... ட... ம... ழ... ர" என்றார்.

"சரியாப் படிச்சீங்க."

"பொய் சொல்றே."

"பொய்யா? பிள்ளைங்களைக் கேளுங்க."

நாங்கள் நிலைக்கண்ணாடியைப் பார்த்தோம். காய்ந்த, ஓரம் பழுத்த பழைய சார்ட்டு. அலமாரி மேலே சுருட்டி வைத்திருந்ததை எடுத்து மாட்டியிருக்கிறாள். உள்ளே நுழையும்போதே நாங்கள் பார்த்துவிட்டோம், பார்த்ததிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தோம்.

"சரிதான்ப்பா" என்றாள் அக்கா.

அப்பா நம்பினார். அவர் முகம் மாறியது. பின்னால் நின்றிருந்தால் எனக்குத் தலைதான் தெரிந்திருக்கும், நல்லவேளையாக நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

"அடுத்த வருஷம் என்ன தெரியுது?" என்று கேட்டாள் அம்மா.

"நீ எதிர்ல நிக்கிறே."

"தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

"அப்ப மாத்த வேணாம்" என்றாள். கரண்டியை இறக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அடுத்தது யார் என்று கேட்கவே இல்லை.